பிஞ்சுக்கு நேரே நீட்டிய விரல்

ஜெகதீசன் தன் பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே மின்விசிறிக் காற்று. அவள் கூப்பிட்டால் பதில் சொல்வான், கேட்டதை வாங்கி வருவான். கண்ணை மட்டும் தூக்க மாட்டான். சுவரைப் பார்த்துப் பேசுவான், தரையைப் பார்த்துப் பேசுவான், இல்லையென்றால் கையிலிருக்கும் ஆட்டோ சாவியிடம் பேசுவான். காரணம் பயம். தன் கண் மேலேயே அவனுக்குப் பயம் வந்துவிட்டது.

இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் பைத்தியக்காரன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். திருப்போரூருக்கு உள்ளே தள்ளிய கிராமம். அப்பன் உழுத நிலத்தில் பாதி மனையாகிவிட்டது, மீதிப் பாதியில் வீடும் கொல்லையும் இருக்கின்றன. அப்பன் இல்லை. அம்மா சாரதாம்பாள், பெண்டாட்டி சுஜாதா, இவன், அவ்வளவுதான் குடும்பம். கேளம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

ஆட்டோக்காரனுக்குப் போட்டோ பைத்தியம் பிடிக்குமா என்றால், பிடித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் வண்டியைத் துடைக்கப் போனான். பக்கக் கண்ணாடியில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வலை முழுக்கப் பனி. துணியை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். ஒவ்வொரு துளியிலும் எதிர்வீட்டு முருங்கை மரம் தலைகீழாக நின்றது. போனைக் கிட்டே கொண்டுபோய் ஒரு படம் பிடித்தான். அன்றைக்கு முதல் சவாரி போச்சு.

அதோடு விட்டானா? டீக்கடைக் குழாயில் தொங்கும் சொட்டுக்குள் செம்பருத்தி தெரிந்தால் குனிந்துவிடுவான். வண்டிக்கு முன்னால் கட்டிய சாமந்திச் சரத்தில் பச்சை வண்டு ஊர்ந்தால், சவாரியை உட்காரவைத்துவிட்டு அதைப் பிடிப்பான். மனைக்காரர்கள் நட்ட கொடிக்கம்பின் நுனியில் தும்பி உட்கார்ந்தால் வண்டி தானாக ஓரம் கட்டும். காடு மலை என்று எங்கும் போனதில்லை, போக ஏது நேரம்? மாசியில் மாம்பூ, பங்குனியில் புங்கம்பூ, சித்திரையில் வேப்பம்பூ என்று எல்லாம் அவன் போகிற வழியிலேயே கொட்டிக் கிடந்தன. காலையில் ஸ்டேட்டஸில் ஒன்று போடுவான். அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து ஏறுகிற பெண்பிள்ளைகள், "அண்ணா, இந்த இடம் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். நீங்க இப்ப கால வெச்சி ஏறுனீங்களே, அந்த இடம்தான் என்பான்.

ஆனால் முதலில் காட்டுவது சுஜாதாவிடம்தான். "பெருக்கித் தள்றதெல்லாம் உன் கண்ணுக்கு அழகா கீது மாமா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொன்று எடுப்பான்.

போன வருஷம் இதே பருவத்தில் சுஜாதா ஆறு மாதக் கர்ப்பிணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். மணலில் நண்டு ஓடிய தடத்தை எடுத்தான், அலை விட்டுப்போன நுரையை எடுத்தான். பிறகு, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அலையைப் பார்த்து நின்ற அவளையும் எடுத்தான். கர்ப்பிணியைப் படம் பிடிக்கக் கூடாது என்று அம்மா ஆயிரம் தடவை சொன்னவள். இது எந்தக் காலம் என்று இவனுக்கு ஒரு துணிச்சல். அந்த வாரமே பிள்ளை வயிற்றில் தங்காமல் போய்விட்டது.

படத்தை அழித்தான். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சுஜாதாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் நெஞ்சுக்குள் ஒரு முள் உட்கார்ந்துகொண்டது. நான் எடுத்தேன், அது போச்சு.

இந்த வருஷம் மறுபடியும் கரு நின்றது. சுஜாதாவுக்கு அம்மா கிடையாது, அதனால் சீமந்தம் முடிந்தும் புருஷன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாரதாம்பாள் அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. ஜெகதீசன் தன் போன் அவள் பக்கம் திரும்பாதபடி பார்த்துக்கொண்டான். பூச்சியையும் பூவையும் எடுப்பதில் என்ன வந்துவிடும் என்று அதை மட்டும் தொடர்ந்தான்.

கொல்லைப் பந்தலில் சுரைக்காய்க் கொடி ஓடியிருந்தது. முதல் பிஞ்சு, கட்டைவிரல் தண்டி, நுனியில் வாடிய பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பெல்லாம் மெல்லிய ரோமம், அதில் காலை வெயில் பட்டு மினுக்கியது. இவன் சும்மா இருப்பானா? எடுத்தான், ஸ்டேட்டஸில் போட்டான், ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள். நாலாம் நாள் பிஞ்சு மஞ்சளாகி அழுகித் தொங்கியது.

சாரதாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "டேய் ஜெகா, பிஞ்ச வெரல் நீட்டிக் காட்னாலே வெம்பிடும்னு சின்னதுலேந்து சொல்லிகினு வரேன். வெரல மடக்கிக் காட்டுன்னு மண்டைலயே குட்டிக் குட்டிச் சொன்னேனா இல்லியா? நீ இன்னாடான்னா போனக் கொண்டாந்து அது மூஞ்சிக்கு நேரா நீட்டிகினு கீற!"

"பூ சரியா காய் புடிக்கலம்மா, அதான் அழுவிடுச்சி" என்றான். குரலில் தெம்பில்லை.

அதற்கப்புறம் தேன்சிட்டு. குளியலறைக் கம்பியில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. சிவந்த வாயைப் பிளந்துகொண்டு இரண்டு குஞ்சுகள். எடுத்துவிட்டுத் திரும்பியவன் மறுநாள் பார்த்தால் கூடு கிழிந்து தொங்குகிறது. காக்காயோ பூனையோ. கம்பிக்குக் கீழே ஒற்றை இறகு கிடந்தது. கடற்கரை, பிஞ்சு, கூடு. அவன் மனது ஒவ்வொன்றாக எடுத்து ஒரே நூலில் கோத்துவிட்டது. போனா குற்றவாளி? போனுக்குப் பின்னால் இருக்கிற கண்ணல்லவா?

அன்றைக்கே போனில் இருந்த படமெல்லாவற்றையும் அழித்தான். சத்தியம் செய்தான். படம் எடுப்பதை நிறுத்தியதோடு நிறுத்தியிருக்கலாம், மடையன், பெண்டாட்டியைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டான். அவளைப் பார்த்தால் ஆசை வரும், ஆசையாகப் பார்த்தால் கண் படும், பட்டால் போகும். இதுதான் அவன் போட்ட கணக்கு. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தான். படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிள்ளை உதைப்பதை அவள் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் நின்று, பீடி பற்றவைத்தான்.

பங்குனி முடிகிற சமயம். அவளுக்கு எட்டாம் மாதம் பிறந்திருந்தது. எட்டில் பிறந்தால் தங்காது என்று சாரதாம்பாள் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு மாரியாத்தாளுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டாள். அது வேறு இவன் காதில் விழுந்து தொலைத்தது.

அன்று காலை வண்டியை எடுக்கப் போனவன் வாசலில் நின்றான். அம்மா போட்ட அரிசிமாவுக் கோலத்தின் மேல் எறும்பு ஒன்று புங்கம்பூ ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. பொரி போன்ற பூ, எறும்பைவிட எவ்வளவோ பெரியது. வெள்ளைக் கோட்டைத் தாண்ட முடியாமல் திணறியது. மூன்று வாரம் அடக்கிவைத்த கை கேட்கவில்லை. அம்மா கொல்லையில் இருந்தாள். குந்தி உட்கார்ந்து, போனைத் தரையோடு தரையாக வைத்து, ஒரே ஒரு படம் எடுத்தான். எடுத்த மறு நொடியே, ஐயோ என்ன காரியம் பண்ணினேன் என்று பதறிப்போய், சரியாகக்கூடப் பார்க்காமல் அழித்தான்.

நிலைப்படியில் சுஜாதா சாப்பாட்டுக் கேரியரோடு நின்றிருந்தாள். "மாமா, காலைலேந்து தல ரொம்ப வலிக்குது. கண்ணுக்கு மின்னாடி பூச்சி பறக்குற மாதிரியே கீது."

"வெயிலு" என்றான் கேரியரைப் பார்த்து. "தைலம் தடவிகினு படு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

மத்தியானம் கேளம்பாக்கம் ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையில் நின்றன. முருகன் கோயில் காவடியை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான் இவன் கூட்டாளி மூர்த்தி, அதே லைனில் ஓட்டுகிறவன். அது இவன் போனில் இறங்கவே இல்லை. மூர்த்தி வாங்கிப் பார்த்தான்.

"போன்ல எடமே இல்ல மச்சான்."

"எப்டி இல்லாம போவும்? போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டனே."

"அழிச்சா போயிடுமா? இன்னா மச்சான் நீ, குப்பத்தொட்டில அப்டியே கெடக்குது பாரு. இதயும் காலி பண்ணாத்தான் போவும்" என்று திறந்து கையில் கொடுத்துவிட்டு, சவாரி வந்ததால் நகர்ந்துவிட்டான்.

அத்தனையும் இருந்தன. சுரைப்பிஞ்சு இருந்தது, வாயைப் பிளந்த குஞ்சுகள் இருந்தன. இத்தனை நாளும் இவற்றைச் சட்டைப்பையில், நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டா வீட்டுக்குப் போனோம், அவள் பக்கத்தில் படுத்தோம்? எல்லாவற்றையும் ஒழிக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனான். அப்போதுதான் காலையில் எடுத்த படம் கண்ணில் பட்டது. வரிசையில் முதலில் அதுதான் இருந்தது.

எறும்பு இருந்தது, புங்கம்பூ இருந்தது. அவற்றுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், நிலைப்படி மேல் ஒரு கால். சுஜாதாவின் கால்தான். விரலில் மெட்டி இல்லை.

முதலில் அவனுக்குப் பட்டது அபசகுனம்தான். கட்டினவள் காலில் மெட்டி இல்லையென்றால் என்ன அர்த்தம்? படத்தை விரலால் பெரிதாக்கினான். மெட்டி இருந்த இடத்தில் வெளுத்த பள்ளம், அதன் இரண்டு பக்கமும் விரல் உப்பிக்கிடந்தது. கொலுசு காலில் தொங்கவில்லை, சதைக்குள் புதைந்திருந்தது. இது யார் கால்? கீழே தள்ளி, பங்குனிப் பிறப்பில் எடுத்த இன்னொன்றைத் தேடினான். முருங்கைப்பூ உதிர்ந்த வாசல், அதன் ஓரத்திலும் அவள் கால் விழுந்திருந்தது. மெலிந்த கணுக்கால், அதில் தளர்ந்து சரிந்த கொலுசு, விரலில் மெட்டி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

போன மாதம் கிராம நர்ஸ் செங்கம்மாள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னது அப்போது காதில் கேட்டது. "காலு வீங்கும், சகஜந்தான். ஆனா வீக்கம் ஏறிகினே போவுது, தல வலிக்குது, கண்ணு மங்குதுன்னா, நாளைக்கி பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. ஒடனே வந்துடணும்."

தலைவலி என்றாளே. பூச்சி பறக்கிறது என்றாளே. தைலம் தடவச் சொன்னேனே, பாவி!

வரிசையிலிருந்து வண்டியைப் பிய்த்துக்கொண்டு கிளம்பினான். ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பேர் "யோவ், யோவ்" என்று குதித்து இறங்கினார்கள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அவளுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. உப்பளம் போனது, மனைக் கொடிகள் போயின, திருப்போரூர் கோபுரம் வந்தது. முருகா, என் கண்ணைப் புடுங்கிக்கோ, அவளை விட்டுடு என்று வாய்விட்டே சொன்னான். வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

சாரதாம்பாள் வாசலிலேயே மறித்தாள். "இன்னாடா இந்நேரத்துல? இப்பத்தான் கண் அசந்தா, எழுப்பாத. கால் வீங்கினா ஆம்பளப் புள்ளன்னு சொல்லுவாங்க."

அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். சுஜாதா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அங்கேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கண்கள் இரண்டும் கீறல் மாதிரி ஒடுங்கியிருந்தன. உதடு தடித்து, கன்னம் உப்பி, அவனுக்குத் தெரியாத யாரோ ஒருத்தியின் முகம் அது. பீரோவுக்குக் கீழே இரண்டு மெட்டிகளையும் கைக்குட்டையில் முடிந்து ஒளித்துவைத்திருந்தாள். சோப்புத் தண்ணி போட்டுக் கழற்றினாளாம். அத்தை திட்டும் என்று சொல்லவில்லையாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செங்கம்மாள் சுஜாதாவின் கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தாள். ஒருமுறை பார்த்தாள், மறுபடி பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். ஊசி போட்டார்கள். இவனைத் தனியே இழுத்து, "பிரஷர் எக்கச்சக்கமா கீது. ஜன்னி வந்துட்டா ரெண்டு உசுரும் கஷ்டம். செங்கல்பட்டுக்கு எழுதிக்கீது, நூத்தியெட்டு வந்துகினு கீது. நீயும் ஏறு" என்றாள். வந்துகினு கீது, வந்துகினு கீது என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தான்.

செங்கல்பட்டுச் சாலை காப்புக்காட்டு வழியாகப் போகிறது. பங்குனிக் காடு, புதுத்தளிர், மஞ்சள் பூ, வேலியோரம் மயில். இன்னொரு நாளாக இருந்தால் வண்டி பத்து இடத்தில் நின்றிருக்கும். ஜெகதீசன் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடினால் அவள் போய்விடுவாள் என்று இப்போது பயம் தலைகீழாக மாறியிருந்தது. இமைக்கக்கூடப் பயந்தான்.

பாதி வழியில் அவள் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தான்.

"மாமா, ஏன் என் மூஞ்சியவே பாக்க மாட்டேன்ற? அசிங்கமா ஆயிட்டேனா?"

"ஐயோ, இல்ல சுஜா, இல்ல" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதனால்தான் அவள் காலை மறைத்தாள், தலைவாரக்கூட உள்ளேயே போய்க்கொண்டாள். வீங்கின முகம் பிடிக்காமல் புருஷன் திரும்பிக்கொள்கிறான் என்று மூன்று வாரம் தனியாக அழுதிருக்கிறாள். அவனுக்கு அந்த ஆம்புலன்சிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். பூ உதிர்ந்து தலையிலும் தோளிலும் விழுந்தது. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. யார் பெயரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றான். பொழுது சாயும்போது அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண் குழந்தை. உயிரோடு இருக்கிறது. எடை போதாது, மூச்சுக்குத் திணறுகிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. தாய் தப்பித்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பார்வையாளர் நேரத்தில், கட்டிலோரம் நின்று எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினான். சுரைப்பிஞ்சு, தேன்சிட்டு, குப்பைத்தொட்டி. கடைசியில் மென்று முழுங்கி, கடற்கரைப் படத்தையும் சொன்னான். "நான் எடுத்தேன் சுஜா, அதான் போச்சி. என் கண்ணுதான்."

சுஜாதா அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல், கடற்கரையில் அவள் கை இருந்த இடத்தில், வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி நாம பீச்சுக்குப் போவும்போதே அது அசையல மாமா. அதுக்கு மொதல் நாளே அசையல. நீ நண்டுத் தடத்த எடுத்துகினு அவ்ளோ சந்தோசமா இருந்த. சொல்றதுக்கு எனுக்கு பயமா இருந்திச்சி. சொல்லாமயே வுட்டேன். இத்தினி நாளா நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சிகினு கீறேன்."

ஜெகதீசன் கட்டில் கம்பியில் தலையை வைத்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதான்.

சாயந்தரம் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து, குழந்தைகள் பிரிவின் கண்ணாடிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனான். சாரதாம்பாள் பின்னாலேயே வந்தாள். உள்ளே வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் குழாய் சொருகிய சின்ன உயிர்.

"எது நம்புளுது மாமா? கண்ணு இன்னும் சரியா தெரியல."

பழக்க தோஷம், ஜெகதீசன் விரலை மடக்கி முட்டியால் காட்டினான்.

"எதக் காட்ற? ஒண்ணும் புரியல."

உள்ளே அந்தப் பிஞ்சு நெஞ்சு ஏறி இறங்கியது. ஒருமுறை ஏறாமல் நின்றது, அவன் உயிர் போய் வந்தது, மறுபடி ஏறியது. டாக்டர் இன்னும் பிழைத்துவிட்டது என்று சொல்லவில்லை. அவன் மடக்கிய விரலை விரித்து, கண்ணாடியில் முட்டும்படி நேராக நீட்டினான்.

"டேய் ஜெகா!" என்று அம்மா பின்னாலிருந்து அலறினாள்.

"அதோ, ஜன்னலோரம் கீதே, நீலத் துணி. அதான் நம்ப பொண்ணு."

விரலை அவன் மடக்கவில்லை. சுஜாதா அந்த விரலைப் பிடித்து, அது காட்டிய திசையிலேயே கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"பாத்துட்டேன் மாமா" என்றாள்.